ஜெயபாய் எழுதிய மூன்றாவது கட்டம்

தொண்ணூறுகளில் அந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். முதல் நாள் ஜெயபாய் எண்பது பக்க நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, "சோத்த மறந்தாலும் இத மறக்கக் கூடாது. மறந்தீகன்னா எம் மூஞ்சியில முழிக்காதீக" என்று சொல்லிவிட்டுத்தான் வகுப்பை ஆரம்பிப்பாளாம். மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று மற்ற ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்க மதுரைக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள். மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள். வாங்கியவள் ஒன்றரை மணி நேரத்துக்கு அதைத் திருப்பித் தரவில்லை.

இதே நோட்டைத்தான் எண்பத்தெட்டாம் வருஷம், ஆடிக்கொண்டிருந்த சோற்று அண்டாவுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். அதை மட்டும் வகுப்பில் சொல்ல மாட்டாள். நாம் சொல்லலாம், தப்பில்லை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு மாந்தோப்புக்குள் பஞ்சு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்று சும்மா கிடந்தது. அதைச் சுண்ணாம்படித்து, ஜன்னல் வைத்து, பதினாறு பேர் தங்குகிற இல்லமாக்கியிருந்தார்கள். பதினாறு பேரும் வளர்ந்த ஆட்கள். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். ஜெயபாய் அங்கே ஆயாக்களுக்கெல்லாம் தலைவி. யாரும் எழுதிக் கொடுத்த பதவி இல்லை, அவளாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் முப்பது வருஷம் ராஜபாளையத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு முதல் குளியல் தன் கையால்தான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. பாங்கியில் வேலை பார்க்கிற ஒருவன் புதுப் பெண்டாட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றால் போதும், "ஏலே, பொறந்தன்னைக்கு நீ அழவே இல்ல, தெரியுமா? தலகீழாப் பிடிச்சு நான் ரெண்டு வச்ச பொறவுதான் அழுத" என்று நாலு பேர் காதில் விழச் சொல்வாள். அவன் அடுத்து வருகிற பஸ் எந்த ஊருக்குப் போனாலும் ஏறிவிடுவான்.

மற்ற வேலையாட்கள் பெரும்பாலும் மில்லிலிருந்து வந்தவர்கள். அவர்களில் காளிராஜ் முக்கியமானவன். நூல் மில்லில் பத்து வருஷம் அறுந்த இழையை ஒட்டுகிற வேலை பார்த்துவிட்டு வந்தவன். ஆள் நல்ல உரம். "மில்லுல ஓடுற மெஷினத் தொட மாட்டோம்க்கா. நூலு எங்க அறுந்துச்சோ அங்க ஓடணும், ஒட்டணும், அடுத்ததுக்கு ஓடணும். அம்புட்டுத்தான்" என்பான். இல்லத்திலும் அதே முறைதான் நடந்தது. யார் கத்துகிறார்களோ, யார் அடிக்கிறார்களோ அங்கே ஓடுவார்கள். பேசாமல் இருக்கிறவர்கள் பக்கம் யாரும் போவதில்லை. பார்க்கிறவர்களுக்கு வேலை படுசுறுசுறுப்பாக நடக்கிற மாதிரி இருக்கும். ஜெயபாய்க்கும் அது சரியாகவே பட்டது.

இப்போது சந்தனத்துக்கு வருவோம். முப்பத்திரண்டு வயது, ஆறடி உயரம், கூமாப்பட்டிக்காரன். பேச்சு என்று பார்த்தால் 'ம்மா', 'தா' இரண்டுதான். அவனுடைய அம்மா கருத்தம்மாள் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்கிறவள். புருஷன் இல்லை. பிளவக்கல் அணைத் தண்ணீர் வாய்க்காலில் வருகிற நாட்களில் மகன் போய் இறங்கிவிடுவான் என்று பயந்து, வேலைக்குப் போகும்போது அவன் இடுப்பில் கயிறு கட்டித் தூணோடு சேர்த்து முடிந்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து அவிழ்ப்பாள். இருபது வருஷம் இப்படியே ஓடியிருக்கிறது. அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

இல்லத்தில் சேர்த்த அன்று சந்தனத்தைக் குளிப்பாட்டும்போது இடுப்பைச் சுற்றிக் கறுத்துக் காய்த்துப்போன தடத்தை ஜெயபாய் பார்த்தாள். முதலில் அழுதாள். பிறகு வெளியே வந்து கருத்தம்மாளைக் கண்டபடி ஏசினாள். பிறகு அவளை உட்காரவைத்துச் சோறு போட்டாள். கருத்தம்மாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பையிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்து, "தாயி, இத இங்க வச்சிட்டுப் போகவா? உங்களுக்கும் வேண்டியிருக்கும்ல" என்று கேட்டாள். "ஆமா, துணி காயப்போட ஒரு கொடி இல்லாமத்தான் கெடக்கு" என்று வெடுக்கென்று வாங்கி, இரண்டு மாமரங்களுக்கு நடுவில் அன்றைக்கே கட்டிவிட்டாள் ஜெயபாய். நல்ல தேங்காய் நார்க் கயிறு. பதினாறு பேர் துணியையும் தாங்கியது.

ஒரு மாதம் கழித்துச் சந்தனம் தட்டை எறிய ஆரம்பித்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், திடீரென்று எவர்சில்வர் தட்டு பறக்கும். காளிராஜும் இன்னும் மூன்று பேரும் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். பிடிக்கப் பிடிக்க அவன் திமிறுவான். ஒரு நாள் ஜெயபாய் அவர்களை விலக்கிவிட்டு, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிரசவ வலியில் கத்துகிற பெண்களை முப்பது வருஷம் அமர்த்தியவளுக்கு இது பெரிய காரியமா? முதுகைத் தடவி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்ல" என்றாள். தன் டப்பாவைத் திறந்து கோவாவைக் கொடுத்தாள். சந்தனம் அடங்கிவிட்டான்.

கோவா எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஜெயபாயின் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அவள் வீட்டுக்காரர் தவசிமுத்து பால்கோவாக் கடையில் சட்டி கிண்டுகிறவர். விற்க முடியாமல் சட்டி அடியில் பிடித்துக்கொள்கிற சுரண்டலைத் தினமும் இலையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். லேசாகத் தீய்ந்து, சிவந்து, கடையில் விற்பதைவிட அதுதான் ருசி. அதைத்தான் அவள் டப்பாவில் போட்டு எடுத்துவருவாள்.

"பாத்தியாலே காளிராசு? நாலு ஆம்பள பிடிச்சும் அடங்காதவன் ஒரு கிள்ளு கோவாவுல அடங்கிட்டான். இதுக்கெல்லாம் கைராசி வேணும்லே" என்று அவள் சொல்லாத நாள் இல்லை. ஆனால் பாருங்கள், வாரத்துக்கு ஒரு தட்டு இரண்டாயிற்று, பிறகு தினமும் ஆயிற்று. ஒரு நாள் தட்டு காளிராஜின் நெற்றியில் பட்டு மூன்று தையல் போட வேண்டியதாயிற்று.

இல்லத்துச் செகரட்டரி சுப்புராஜ், பேண்டேஜ் துணி பாக்டரி முதலாளி. பொல்லாதவர் இல்லை. ஆனால் மற்றவர்களின் வீட்டார் வந்து, "எங்க ஆள் மண்டையும் உடையணுமா?" என்று கேட்டால் அவரும்தான் என்ன செய்வார்? கமிட்டி கூடி முடிவெடுத்தது. பங்குனி மாதக் கூட்டத்துக்குள் சந்தனம் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் கூமாப்பட்டிக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதோடு வேலையாட்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவரை வரவழைப்பதென்றும் தீர்மானமாயிற்று.

தகவல் கேட்டுக் கருத்தம்மாள் வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. துணிக் கொடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அனுப்புறதா இருந்தா முன்னக்கூட்டிச் சொல்லிருங்க தாயி. வேற கயிறு வாங்கணுமா, இதையே அவுத்துத் தருவீகளா?" என்றாள். ஜெயபாய் கொடியில் காய்ந்துவிட்ட துணியை எடுத்து மறுபடியும் அதிலேயே காயப்போட்டாள்.

பயிற்சி கொடுக்க வந்த நூர்பானுவுக்கு இருபத்தேழு வயது. வெளியூரில் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவள். செவ்வாயும் வெள்ளியும் வருவாள். ஒல்லியான உருவம், மெதுவான குரல். ஜெயபாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ குடைக்கடை பிச்சை முகம்மது மகதான?"

"ஆமாக்கா."

"இயேசப்பா! ஒன்னையும் நான்தான் குளிப்பாட்டுனேன். காது ரெண்டும் ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. எண்ணெய் தடவித் தடவி நான்தான் நிமித்துனேன்." காளிராஜ் பக்கம் திரும்பி, "நான் குளிப்பாட்டுன பிள்ளகிட்ட நான் பாடம் படிக்கணுமாக்கும்" என்றாள்.

நூர்பானு காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் நிமித்தியிருக்கீகக்கா" என்று சிரித்தாள். பிறகு ஆளுக்கு ஒரு நோட்டைக் கொடுத்தாள். பக்கத்துக்கு மூன்று கட்டம். முன்னால் என்ன நடந்தது, அப்போது என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது. சந்தனம் தட்டை எறிகிற ஒவ்வொரு தடவையும் மூன்றையும் எழுத வேண்டும். அவ்வளவுதான் முதல் பாடம்.

"முப்பது வருசமாப் பிரசவம் பாத்தேன். நோட்டு எழுதியா பிள்ள வெளிய வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு ஜெயபாய் அதை அண்டாவுக்கு முட்டுக் கொடுத்தது அன்றைக்குத்தான். வெள்ளிக்கிழமை வந்த நூர்பானு அண்டாவைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். தோட்டத்துக்குப் போய் ஒரு ஓட்டுச் சில்லு எடுத்துவந்து அண்டாவுக்கு வைத்துவிட்டு, நோட்டைத் துடைத்து ஜெயபாய் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால் ஜெயபாய் பதிலுக்குத் திட்டியிருப்பாள். திட்டாதவளை என்ன செய்வது? எழுத உட்கார்ந்தாள்.

எழுத ஆரம்பித்ததும் ரொம்ப உண்மையாக எழுதினாள். அதுதான் அவளுக்கு வினையாயிற்று. பத்து நாள் கழித்து நூர்பானு எல்லோரையும் உட்காரவைத்து, "அக்கா, மூணாவது கட்டத்த மட்டும் வரிசையா வாசிங்க" என்றாள்.

ஜெயபாய் சர்ச்சில் வேதம் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தாள். "கோவா கொடுத்தேன். அமைதி." அடுத்தது. "கோவா கொடுத்தேன். அமைதி." அடுத்தது. "கோவா…" நாலாவதிலேயே குரல் இறங்கியது. ஆறாவதில் உதடு மட்டும் அசைந்தது. காளிராஜ் தையல் போட்ட நெற்றியைத் தடவிக்கொண்டு, "அப்ப எம் மண்டைய ஒடைச்சது அவன் இல்ல. தவசிமுத்து மச்சான் கிண்டுன கோவா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நூர்பானு சிரிக்கவில்லை. "தட்ட எறிஞ்சா இனிப்பு வரும்னா நான்கூட எறிவேன்க்கா. அவரு எறியுறதுல என்ன தப்பு?" என்றாள்.

அன்று சாயங்காலம் தவசிமுத்து இலைப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்ததும், "இனிமே அந்தக் கருமத்தக் கொண்டாராதீக" என்று ஜெயபாய் எரிந்து விழுந்தாள். இருபத்தைந்து வருஷமாக ஆசையாக வாங்கியவளுக்கு என்ன வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. பொட்டலத்தைப் பிரித்து அவரே தின்றுவிட்டுப் படுத்தார்.

கோவாவை நிறுத்தினால் முதல் சில நாட்கள் எறிவது கூடும், பயப்படக் கூடாது என்று நூர்பானு முன்கூட்டியே சொல்லியிருந்தாள். கூடியது. ஒன்று நான்காயிற்று. காளிராஜ் ஆட்கள் ஓடினார்கள், பிடித்தார்கள், ஜெயபாய் எட்ட நின்று சத்தம் போட்டாள். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. குறைகிற வழியாக இல்லை. மாசி பிறந்துவிட்டது. நூர்பானுவின் முகமும் வாடியது. படித்த படிப்பு பொய்யா என்று யோசிக்கிறாள் போல என்று ஜெயபாய்க்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். அதைவிடக் கூடுதலாகப் பயம். தினமும் காலையில் துணிக் கொடியைத் தாண்டித்தானே உள்ளே வர வேண்டியிருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை நூர்பானு அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"அக்கா, ஒரு தடவைக்கு எம்புட்டுக் கோவா குடுப்பீக?"

"டப்பாவுல இருக்குறது. கால் கிலோ வரும்."

"அம்புட்டையும் அவரு சாப்பிட்டிருவாரா?"

ஜெயபாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். மாமரத்தைப் பார்த்தாள். "சாப்பிடுவான்" என்றாள்.

"அம்புட்டையுமா?"

"ஒரு கிள்ளு சாப்பிடுவான்."

"மீதி?"

"கீழ கொட்ட முடியுமா? ஆண்டவர் குடுத்தது." ஜெயபாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "அவன்தான் கிள்ளிக் கிள்ளி எம் வாயில வைப்பான். வேண்டாம்னா விட மாட்டான். நானும் திங்கத் திங்க ஏதாச்சும் பேசிக்கிட்டிருப்பேன். எங்க வீட்டுக்காரர் கூடச் சண்ட போட்டது, பஸ்ஸுல எடம் கெடைக்காதது, அப்படி. அவன் கேட்டுக்கிட்டே இருப்பான். நல்லாக் கேப்பான், பாத்துக்க. எங்க வீட்டுல அப்படி ஒருத்தரும் கேக்க மாட்டாக."

நூர்பானு மெதுவாக, "அப்ப அவருக்கு வேண்டியது கோவா இல்லியேக்கா" என்றாள்.

ஜெயபாய்க்குப் பிடிபடவில்லை. பிடிபட வைக்க நூர்பானு ஒரு காரியம் செய்தாள். சந்தனம் வழக்கமாக உட்கார்கிற சுவரோரம் ஜெயபாயை உட்காரச் சொன்னாள். ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். பேசலாம், ஆனால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் வர மாட்டார்கள். பூ, இதென்ன பெரிய சோதனை என்று ஜெயபாய் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதலில் ஒரு கீர்த்தனை பாடினாள். பிறகு கூரையில் எத்தனை உத்தரம் என்று எண்ணினாள். ஆட்கள் அவளைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். "ஏலே காளிராசு" என்றாள். அவன் திரும்பவில்லை. "ஏலே, ஒன்னத்தான்லே" என்றாள். ஜன்னலோரம் ஒருவர் கத்த ஆரம்பித்ததும் அத்தனை பேரும் அங்கே ஓடினார்கள். அவளை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தான் இங்கே இருப்பதே இவர்களுக்குத் தெரியுமா என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பக்கத்தில் தண்ணீர் குடித்த டம்ளர் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது, 'டங் டங்' என்று தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாடா என்று இருந்தது.

அந்த 'அப்பாடா'விலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். பதினோரு நிமிஷம்தான் ஆகியிருந்தது. சந்தனம் அந்தச் சுவரோரத்தில் மாதக்கணக்காக உட்கார்ந்திருக்கிறான். ஜெயபாய் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். காளிராஜ் பயந்துபோய் ஓடிவந்தான்.

"வாரதுன்னா இப்பத்தான் வருவியா?" என்று அவனை ஒரு அறை அறைந்தாள். செல்ல அறைதான்.

அதற்குப் பிறகு பாடம் வேகமாக நடந்தது. தட்டு பறந்த பிறகு ஓடக் கூடாது. பறப்பதற்கு முன்னால், அவன் சும்மா இருக்கும்போதே போய் உட்கார வேண்டும். ஓடுகிற மெஷினைத் தொடக் கூடாது என்ற மில் சட்டத்தை இங்கே தலைகீழாக மாற்ற வேண்டும் என்று காளிராஜுக்குப் புரியவைக்க நாலு நாள் ஆயிற்று. அடுத்தது, ஆள் வேண்டுமென்றால் கூப்பிடச் சந்தனத்துக்கு ஒரு வழி வேண்டும். பேச்சு வராது; ஆனால் பக்கத்துத் தரையைக் கையால் தொட்டுக் காட்ட முடியும். அவன் தொட்டால் யாராவது வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். ஜெயபாய் ஒரு நாளைக்கு முப்பது தடவை உட்கார்ந்து எழுந்தாள். "எம் முட்டி ரெண்டும் போச்சு. பங்குனிக்கு அவன அனுப்புறீகளோ இல்லியோ, என்னய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறீக" என்று புலம்பிக்கொண்டே உட்கார்ந்தாள்.

தினம் நான்கு தட்டு, இரண்டாயிற்று. பிறகு ஒன்று. பிறகு பத்தொன்பது நாளாக ஒன்றும் இல்லை. இருபதாவது நாள் கமிட்டிக் கூட்டம்.

அன்றைக்குத்தான் கூத்து. கமிட்டி வருகிறதென்று வடை பாயசத்தோடு சாப்பாடு. காலையிலிருந்து எல்லோரும் கூட்டுவதும் கழுவுவதும் கோலம் போடுவதுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜெயபாய் கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு, சாம்பார் ஊற்றிய சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவைத்தாள். சந்தனம் சுவரோரம் உட்கார்ந்து தரையைத் தொட்டான். யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை தொட்டான். ஜெயபாய் பார்த்தாள், கையில் தட்டு, எதிரே சுப்புராஜ். வாசலில் கருத்தம்மாள் துணி மூட்டையோடு நின்றாள். கூட்டத்தன்று வந்து மகனைக் கூட்டிப்போகத் தயாராக இருக்கச் சொல்லி அவளுக்கு ஆள் விட்டிருந்தார்கள்.

"இவர்தானே அது?" என்றார் சுப்புராஜ். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "டைப் அடிச்சாச்சு. அந்தம்மாவும் வந்துட்டாங்க. நல்லதாப் போச்சு."

"ஐயா, பத்தொம்பது நாளா அவன் ஒண்ணும் பண்ணல. நோட்டப் பாருங்க" என்றாள் ஜெயபாய்.

"நோட்டெல்லாம் இருக்கட்டும்மா. நீங்க சாப்பாட்டப் போடுங்க."

"செத்த நேரம் நான் சொல்றதக் கேளுங்கய்யா."

"கமிட்டி முடிவு பண்ணதும்மா." அவர் நூர்பானு பக்கம் திரும்பி வேறு எதையோ கேட்க ஆரம்பித்தார். ஜெயபாய் "ஐயா" என்றாள். திரும்பவில்லை. "ஐயா!" என்றாள். அப்போதும் திரும்பவில்லை. அங்கே சந்தனம் மூன்றாவது தடவை தரையைத் தொட்டுவிட்டு, மெதுவாகத் தன் தட்டைத் தூக்கினான். ஜெயபாய் அதைப் பார்த்துவிட்டாள். கர்த்தாவே, போச்சு.

தட்டு பறந்தது. 'டங்' என்று தூணில் மோதி, சுற்றிச் சுற்றி வந்து சத்தம் அடங்கிப் படுத்தது. சாம்பார் முழுக்கச் செகரட்டரியின் வெள்ளை வேட்டியில்.

எறிந்தது சந்தனம் இல்லை. ஜெயபாய்.

தட்டுச் சத்தம் கேட்டால் ஓடுகிற பழக்கத்தில் காளிராஜ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தான். பிடிக்க வேண்டிய ஆள் ஜெயபாய் என்று தெரிந்ததும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றான். ஜெயபாய் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். தன்னாலேயே சந்தனத்தின் கதை முடிந்தது என்று நினைத்தாள்.

சந்தனம் தன் தட்டைக் கீழே வைத்தான். சோறு சிந்தாமல் வைத்தான். எழுந்து வந்தான். ஜெயபாயின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சுவரோரம் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முதுகைத் தடவினான். வடையில் ஒரு கிள்ளு எடுத்து அவள் வாயில் வைத்தான்.

"ஒண்ணுல்ல" என்றான். "ஒண்ணுல்ல. இக்கேன்ல."

முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தைகளை அவன் சொல்லி யாரும் கேட்டதில்லை. வாசலில் கருத்தம்மாளின் கையிலிருந்து மூட்டை நழுவி விழுந்தது. ஜெயபாய் வடையையும் மெல்ல முடியாமல், அழுகையையும் அடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சந்தனம் தலையைத் தூக்கிச் சுப்புராஜைப் பார்த்தான். தன்னுடைய மறுபக்கத்துத் தரையைத் தொட்டான்.

"ஏமி இதி?" என்றார் சுப்புராஜ். பதற்றத்தில் வீட்டுத் தெலுங்கு வந்துவிட்டது.

"உக்காரச் சொல்றாருங்கய்யா" என்றாள் நூர்பானு. "அவரு தொட்டா உக்காந்துரணும். இங்க அதுதான் சட்டம்."

சுப்புராஜ் வேட்டியைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். அவர் வாயிலும் ஒரு கிள்ளு வடை விழுந்தது. மென்று விழுங்கிவிட்டு, "எம்புட்டு நேரம் உக்காரணும்?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"அவரு எந்திரிக்குற வரைக்கும்" என்றாள் நூர்பானு.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது அந்தக் கடிதத்தைச் சின்னதாக மடித்து மறுபடியும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது பிறகு வெளியே வரவில்லை. அன்றைக்கு நோட்டில் எழுதியவன் காளிராஜ். முன்னால்: செகரட்டரி ஐயா ஜெயபாய் அக்கா சொன்னதைக் கேட்கவில்லை. அப்போது: அக்கா தட்டை எறிந்தார்கள். பின்னால்: சந்தனம் பக்கத்தில் உட்கார்ந்தார். அமைதி. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட ஜெயபாய் எவ்வளவோ பார்த்தாள். நூர்பானு விடவில்லை.

சாயங்காலம் சுப்புராஜ் காளிராஜின் பூப்போட்ட கைலியைக் கட்டிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து காத்திருந்தார். அலசிய வேட்டி இரண்டு மாமரங்களுக்கு நடுவில் காய்ந்துகொண்டிருந்தது. கருத்தம்மாள் ஊருக்குக் கிளம்பி, அதன் அடியில் வந்து நின்றாள். ஜெயபாய் பின்னாலேயே வந்து, "என்ன, ஒன் கயித்த அவுத்துத் தரணுமா?" என்று கேட்டாள்.

கருத்தம்மாள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேண்டாம் தாயி. வேட்டி காயட்டும்" என்றாள்.